எண்ணெய்ப் பாறைக்குள் செலுத்தும் கடல்நீரைக் கடலடியிலேயே சுத்திகரித்தல்: எது கீழே போகும், எது போகாது

கடலுக்கு அடியிலுள்ள பாறையிலிருந்து எண்ணெயை எடுக்கத் தொடங்கியதுமே அந்தப் பாறைக்குள் அழுத்தம் குறையத் தொடங்கிவிடுகிறது. ஆரம்பத்தில் எண்ணெயைத் தானாகவே மேலே தள்ளிய இயற்கை விசை சில ஆண்டுகளில் தளர்கிறது. எண்ணெயில் கரைந்திருந்த எரிவாயு குமிழிகளாகப் பிரிந்து, எண்ணெயை முந்திக்கொண்டு கிணற்றுக்கு ஓடிவிடுகிறது. அப்படியே விட்டால் தேக்கத்தில், அதாவது எண்ணெய் தங்கியிருக்கும் பாறையடுக்கில், இருக்கும் எண்ணெயில் பெரும்பங்கு பாறைத் துளைகளுக்குள்ளேயே தங்கிவிடும். எடுத்த எண்ணெயின் இடத்தை நீரால் நிரப்பி, அழுத்தத்தைத் தக்கவைத்து, மிச்சமுள்ள எண்ணெயை உற்பத்திக் கிணறுகளை நோக்கித் தள்ளுவதுதான் இதற்கு உலகெங்கும் மிகப் பரவலாகக் கையாளப்படும் வழி. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1860களில், பழுதடைந்த கிணறுகளின் வழியே மேலடுக்கு நிலத்தடி நீர் தற்செயலாக எண்ணெய்ப் பாறைக்குள் இறங்கியபோதே இதன் விளைவு தென்படத் தொடங்கியது. அப்படி இறங்கும் நீர் சில கிணறுகளைக் கெடுத்தாலும் வேறு கிணறுகளுக்கு எண்ணெயைத் தள்ளிக்கொடுக்கக் கூடும் என்று ஜான் கார்ல் என்ற நிலவியலாளர் 1880இல் எடுத்துக்காட்டினார். ஆனால் அந்த மாநிலம் அதைச் சட்டப்படி அனுமதித்தது 1921இல்தான்.

கடலில் எண்ணெய் எடுப்பவர்களுக்கு நீருக்குப் பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம் பாறைக்குள் அனுப்பத் தகுந்த நீருக்குத்தான். கடல்நீரில் மிதக்கும் மணல், களிமண், மிதவை உயிரிகள் ஆகியவை பாறையின் நுண்துளைகளை அடைத்துவிடும். அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் இரும்புக் குழாய்களை அரிக்கும். அதில் வாழும் பாக்டீரியாக்கள் குழாய்ச் சுவரிலும் கிணற்றின் அடியிலும் குடியேறும். இவை மூன்றையும்விடத் தொல்லை தருவது கண்ணுக்குத் தெரியாத சல்ஃபேட். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 2,700 மில்லிகிராம் அளவுக்கு அது கரைந்திருக்கிறது.

எண்ணெய் மேடையின் தளத்தில் இவற்றை ஒவ்வொன்றாகக் கையாளும் கருவிகள் பல பத்தாண்டுகளாக இருந்துவருகின்றன. மேலே ஏற்றப்படும் நீரில் மின்பகுப்பால் உண்டாக்கிய ஹைப்போகுளோரைட்டைக் கலந்து உயிரிகளைக் கொல்கிறார்கள். சல்லடை வடிகட்டிகளிலும் மணல் வடிகட்டிகளிலும் துகள்களைப் பிரிக்கிறார்கள். உயரமான வெற்றிடக் கோபுரங்களில் ஆக்சிஜனை உறிஞ்சியெடுத்து, எஞ்சியதை பைசல்ஃபைட் உப்பால் மடக்கி, லிட்டருக்கு ஏறக்குறைய 8 மில்லிகிராமாக இருந்ததை 0.02 மில்லிகிராமுக்கும் கீழே கொண்டுவருகிறார்கள். தேவைப்படும் இடங்களில், கரைந்த அயனிகளையும் பிரிக்கும் நானோ வடிகட்டிச் சவ்வுகளால் சல்ஃபேட்டையும் நீக்குகிறார்கள். கடைசியில் உயரழுத்த பம்புகள் இந்த நீரைக் கடலடிக் கிணறுகளுக்கு அனுப்புகின்றன. நீர் ஒருமுறை மேலே வந்து, மறுபடி கீழே போகிறது.

இந்த ஏற்ற இறக்கத்தைத் தவிர்த்து, கடலடியில், நீரைப் பாறைக்குள் அனுப்பும் உட்செலுத்துக் கிணற்றின் பக்கத்திலேயே நீரை உள்ளிழுத்து, அங்கேயே சுத்திகரித்து, அங்கிருந்தே பாறைக்குள் அனுப்பிவிட்டால் என்ன என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி. இதைப் பற்றிய விளம்பரக் குறிப்புகளைப் படிப்பவர்களுக்கு, மேடையிலுள்ள ஆலையைச் சுருட்டிக் கடலடியில் இறக்கிவைப்பதே இதன் சாரம் என்று தோன்றக்கூடும். உண்மை அதுவல்ல. கடலடியில் வெற்றிபெற்றிருப்பவை எல்லாம் மேடையில் செய்வதில் ஏதோ ஒரு படியைத் துணிந்து கைவிட்ட வடிவமைப்புகளே. எந்தப் படியைக் கைவிடலாம் என்பதைத் தீர்மானிப்பது கருவி அல்ல, பாறையும் அதிலுள்ள நீரும்தான்.

அதற்குச் சல்ஃபேட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் தெரிந்தாக வேண்டும். எண்ணெய்ப் பாறைக்குள் ஏற்கெனவே இருக்கும் பழைய உப்புநீரில் பல இடங்களில் பேரியமும் ஸ்ட்ரோன்ஷியமும் கரைந்திருக்கின்றன. கடல்நீரும் அந்த நீரும் உற்பத்திக் கிணற்றை ஒட்டிக் கலக்கும்போது பேரியமும் சல்ஃபேட்டும் இணைந்து பேரியம் சல்ஃபேட் என்னும், நீரில் ஏறத்தாழ கரையவே கரையாத, அமிலத்துக்கும் மசியாத கடினப் படிவாக மாறுகின்றன. லிட்டருக்கு 250 மில்லிகிராம் பேரியம் உள்ள பாறைநீரும் கடல்நீரும் சரிபாதியாகக் கலப்பதாகக் கொண்டால், அந்தக் கலவையின் ஒவ்வொரு கனமீட்டரிலும் 200 கிராமுக்கு மேல் படிவு உண்டாக முடியும். நாளொன்றுக்கு 1,000 கனமீட்டர் நீர் வரும் கிணற்றில் அது 200 கிலோவைத் தாண்டும். வடகடலின் மில்லர் எண்ணெய் வயலில் ஒரு கிணற்றின் உற்பத்தி நாளொன்றுக்கு 30,000 பீப்பாயிலிருந்து 24 மணி நேரத்தில் பூச்சியத்துக்கு விழுந்தது இத்தகைய படிவால்தான். பாறைநீரில் ரேடியம் இருந்தால் அதுவும் இந்தப் படிவுக்குள் சேர்ந்துகொள்வதால், பிடுங்கியெடுத்த குழாய்களைக் கதிரியக்கக் கழிவாகக் கையாள வேண்டிய நிலையும் வருகிறது.

சல்ஃபேட்டின் இரண்டாவது கெடுதி உயிரியல் சார்ந்தது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் சல்ஃபேட்டைச் சுவாசித்து வாழும் பாக்டீரியாக்கள் எண்ணெய் வயல்களின் நீரில் இருப்பதை 1926இல் எட்சன் பாஸ்டின் சிகாகோவிலிருந்து அறிவித்தார். குளிர்ந்த கடல்நீர் உட்செலுத்துக் கிணற்றைச் சுற்றியுள்ள சூடான பாறையைக் குளிர்வித்து இவை பெருகுவதற்கு ஏற்ற வெப்பநிலையை உண்டாக்குகிறது. உணவுக்கு எண்ணெயிலிருந்து கரையும் கரிமச் சேர்மங்கள் இருக்கின்றன. சுவாசிக்கச் சல்ஃபேட்டை நாமே அனுப்பிக்கொண்டிருக்கிறோம். விளைவு, அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு. அது நச்சு வாயு. எஃகை உடையச் செய்வது. எரிவாயுவின் விலையைக் குறைப்பது. நார்வேயின் குல்ஃபாக்ஸ் வயலில் 1999 முதல் உட்செலுத்தும் நீரில் நைட்ரேட்டைக் கலந்து, சல்ஃபேட் பாக்டீரியாக்களின் இடத்தை வேறு பாக்டீரியாக்களைக் கொண்டு பிடிக்கச் செய்யும் முறை கையாளப்பட்டது. அது பல வயல்களில் உதவியிருக்கிறது என்றாலும் எல்லா இடத்துக்கும் பொருந்தும் மருந்தல்ல.

இவ்வளவு கடுமையான தேவைகள் இருக்கும்போது, மேலே நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஆலையை விட்டுவிட்டு ஏன் கீழே இறங்க வேண்டும்? முதல் காரணம் இடமும் எடையும். மேடையின் தளத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரும் கணக்குப் பார்த்து ஒதுக்கப்படுவது. வயது முதிர்ந்த மேடையில் புதிதாக வடிகட்டித் தொகுதியையும் வெற்றிடக் கோபுரத்தையும் பம்புகளையும் வைக்க இடமும் இருக்காது, அதைத் தாங்கும் வலுவும் இருக்காது. இரண்டாவது காரணம் தொலைவு. தேக்கத்தின் ஓரத்தில், மேடையிலிருந்து 20 அல்லது 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மூலையில் அழுத்தம் தேவைப்பட்டால், அதுவரை உயரழுத்த நீர்க்குழாய் போட வேண்டும். குழாயின் விலை நீளத்தோடு ஏறுவது ஒரு பக்கம். உராய்வால் அழுத்தம் வழியிலேயே வீணாவது இன்னொரு பக்கம். அங்கே கிணற்றருகிலேயே நீரை எடுத்துவிட்டால் மேடையிலிருந்து ஒரு மின்கேபிளும் கட்டுப்பாட்டு இழையும் போதும்.

ஆழத்தின் அழுத்தம் இலவசமாகக் கிடைக்கிறது என்று அடிக்கடி சொல்லப்படும் மூன்றாவது காரணத்தை மட்டும் நான் ஏற்பதில்லை. 10 மீட்டர் ஆழத்துக்கு ஏறக்குறைய 1 பார், அதாவது ஒரு வளிமண்டல அழுத்தம் என்பதால், 1,000 மீட்டர் ஆழத்தில் பம்பின் வாயிலேயே 100 பார் காத்திருப்பது மெய்தான். ஆனால் மேடையிலிருந்து கிணற்றுக்கு இறங்கும் குழாயில் நிற்கும் நீர்த்தம்பமும் அதே 100 பாரைத் தருகிறதே! இரண்டு அமைப்புகளிலும் பம்பு கூட்டித் தர வேண்டிய அழுத்தம் கிட்டத்தட்ட ஒன்றுதான். மிச்சமாவது, நீரைக் கடல்மட்டத்திலிருந்து தளத்துக்கு ஏற்றும் சிறு வேலையும் குழாய் உராய்வும் மட்டுமே. நாளொன்றுக்கு 40,000 பீப்பாய், அதாவது நொடிக்கு ஏறக்குறைய 74 லிட்டர் நீரை 150 பார் கூட்டி அனுப்ப 1.1 மெகாவாட் தேவை. பம்பு, மோட்டார் இழப்புகளைச் சேர்த்தால் 1.6 மெகாவாட்டை நெருங்கும். பம்பு மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறுவதில்லை. ஆழத்தின் அழுத்தத்துக்கு உண்மையான பயன் வேறோர் இடத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

பம்பைப் பொறுத்தவரை கேள்வி ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. பிரிட்டனைச் சேர்ந்த வடகடல் பகுதியில் கொலம்பா ஈ, பிரேசிலின் கேம்போஸ் படுகையில் அல்பகோரா, நார்வே கடலில் டைரிஹான்ஸ் ஆகிய வயல்களில் கடலடி பம்புகள் கடல்நீரை நேரடியாகக் கிணற்றுக்குள் செலுத்துவதற்காக நிறுவப்பட்டன. டைரிஹான்ஸில் 2.5 மெகாவாட் திறனுள்ள இரண்டு பம்புகளுக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கிறிஸ்டின் மேடையிலிருந்து மின்சாரம் கொடுக்க ஏற்பாடு செய்யப்பட்டது. 2015இல் நார்வேயின் ஆஸ்கார்ட் வயலில் 11.5 மெகாவாட் வாயு அமுக்கிகள் இரண்டு கடலடியில் ஓடத் தொடங்கிய பிறகு, கடலடிக்குப் பெரிய மின்திறனைக் கொண்டுசெல்ல முடியுமா என்று கேட்பவர்களும் குறைந்துவிட்டார்கள்.

இந்த நேரடிச் செலுத்தலில் சுத்திகரிப்பு என்பது பெரும்பாலும் கரடுமுரடான சல்லடையோடு முடிந்துவிடுகிறது. அப்படியானால் துகள்கள் பாறையை அடைக்காதா? அடைக்கும். அதைச் சமாளிக்க, பாறை விரிசல் விடும் அளவுக்கு அழுத்தத்தை உயர்த்திச் செலுத்துகிறார்கள். விரிசலின் பரப்பு பெரியது. ஒரு பகுதி அடைபட்டால் விரிசல் இன்னும் சற்று நீண்டு புதிய பரப்பைத் திறந்துகொள்ளும். இங்கே கைவிடப்பட்ட படி வடிகட்டல். அதன் வேலையைப் பாறை விரிசல் ஏற்றுக்கொள்கிறது.

ஆனால் விரிசல் நாம் சொன்ன திசையில்தான் போகும் என்பதற்கு உறுதி கிடையாது. உற்பத்திக் கிணற்றை நோக்கி நீண்டால் செலுத்திய நீர் எண்ணெயைத் தள்ளாமல் குறுக்குவழியில் திரும்பி வந்துவிடும். மேல்நோக்கி நீண்டால் நிலைமை இன்னும் மோசம். நார்வேயின் டோர்டிஸ் வயலில் 2007இல் எண்ணெயையும் நீரையும் கடலடியிலேயே பிரித்து, பிரிந்த நீரை உட்சிரா என்ற மேலடுக்குப் பாறைக்குள் செலுத்தும் முழு அளவிலான அமைப்பு தொடங்கப்பட்டது. அந்த இடத்தில் உட்சிரா அடுக்கு எதிர்பார்த்தபடி இல்லை. அழுத்தம் தாங்காமல் பாறை கடற்படுகை வரை விரிந்தது. 2008 மே மாதத்தில் கடல் மேற்பரப்பில் எண்ணெய்ப்படலம் தெரிந்தபோதுதான் விஷயம் வெளிவந்தது. கடற்படுகையில் பெரும் பள்ளமும் விழுந்திருந்தது. அது கடல்நீர்ச் சுத்திகரிப்பு அல்ல, கழிவுநீர் அகற்றல்; கருவிகளும் தவறு செய்யவில்லை. எனினும் கடலடியில் கண்காணிக்க ஆளில்லாத இடத்தில் பாறையைப் பற்றிய ஒரு தப்புக்கணக்கு எவ்வளவு நாள் மறைந்திருக்க முடியும் என்பதற்கு அது இன்றும் எடுத்துக்காட்டாக நிற்கிறது.

விரிசலை நம்பாமல் நீரைத் தெளியவைக்க விரும்பினால், கடலடியில் மிக எளிய வழி ஒன்று உண்டு: நீரை அவசரப்படுத்தாமல் இருப்பது. பெரிய பெட்டி ஒன்றின் அடியில் நீரை உள்ளே விட்டு, மெதுவாக மேலேறச் செய்து, உச்சியிலிருந்து எடுத்தால் கனமான துகள்கள் தாமாகவே கீழே தங்கிவிடும். மேடையில் இதைச் செய்ய முடியாததற்குக் காரணம் எடை. நாளொன்றுக்கு 40,000 பீப்பாய் என்பது மணிக்கு 265 கனமீட்டர். ஒரு மணி நேரம் நிறுத்திவைக்க 265 கனமீட்டர் தொட்டி வேண்டும், அதிலுள்ள நீரே 270 டன்னுக்கு மேல் வரும். கடலுக்குள் அந்த நீருக்கு எடையே இல்லை. உள்ளும் புறமும் ஒரே அழுத்தம் என்பதால் பெட்டியின் சுவரும் தடிமனாக இருக்கத் தேவையில்லை. மேடைக்கு ஒவ்வாத ஒரு முறை கடலடிக்கு இயல்பாகப் பொருந்துகிறது என்பதை, இந்தத் துறையின் நல்ல யோசனைகளில் ஒன்றாக நான் கருதுகிறேன்.

பெட்டி எவ்வளவு தெளியவைக்கும் என்பதையும் கணக்கிட்டுவிடலாம். 6 பாகை குளிர்ந்த கடல்நீரில் 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள மணல்துகள் மணிக்கு ஏறக்குறைய 85 சென்டிமீட்டர் இறங்கும். 10 மைக்ரான் துகள் அதில் கால்பங்கு, மணிக்கு 21 சென்டிமீட்டர்தான். 100 சதுர மீட்டர் பரப்புள்ள பெட்டியில் 265 கனமீட்டர் மேலேறினால் நீரின் வேகம் மணிக்கு 2.65 மீட்டர். அந்த வேகத்தை எதிர்த்து இறங்குவது ஏறக்குறைய 35 மைக்ரானுக்கு மேற்பட்ட மணல் மட்டுமே. அதற்குக் குறைந்தவையும், நீரின் அடர்த்தியை ஒட்டியிருக்கும் உயிரித் துணுக்குகளும் நீரோடு போய்விடும். ஆகவே இது வடிகட்டலுக்கு மாற்று அல்ல. பம்பையும் கிணற்றையும் மணலிலிருந்து காக்கும் ஏற்பாடு. பல பாறைகளுக்கு அது போதும், நுண்துளைப் பாறைகள் சிலவற்றுக்குப் போதாது.

அந்த ஒரு மணி நேரத் தங்கலுக்கு இரண்டாவது பயனும் உண்டு. குளோரின் பாக்டீரியாவைக் கொல்ல நேரம் பிடிக்கும். மேடையில் நீர் குழாய்களின் வழியே விரைந்து போய்விடுவதால் அளவைக் கூட்டியாக வேண்டும். பெட்டியின் நுழைவாயிலில் மின்பகுப்புக் கலங்களை வைத்தால் கடல்நீரின் உப்பிலிருந்தே குளோரின் உண்டாகிறது. வெளியிலிருந்து எந்த ரசாயனமும் வர வேண்டியதில்லை. மேடையில் இதே மின்பகுப்பின்போது எதிர்மின்வாயில் ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால், அது தேங்கி வெடித்துவிடாமல் காற்றோட்டத்தோடு வெளியேற்ற வேண்டும். கடலடியிலோ உண்டாகும் சொற்ப ஹைட்ரஜன் அழுத்தத்தில் அப்படியே நீரில் கரைந்துவிடுகிறது. மின்வாய்களில் படியும் மக்னீசியம், கால்சியம் படிவுகளை மின்னோட்டத்தின் திசையை அவ்வப்போது மாற்றி உதிர்த்துவிடலாம்.

நார்வேயில் உருவாகி இப்போது என்ஓவி நிறுவனத்தின் கையிலிருக்கும் சீபாக்ஸ் இந்தக் கொள்கையில் இயங்குவது. மெதுவாக நீர் நகரும் அறை, அதில் மின்பகுப்புக் குளோரின், எஞ்சிய கரிமப் பொருள்களைத் தாக்கக் கூடுதலாக மிக வேகமாக வினைபுரியும் ஹைட்ராக்சில் தனியுறுப்புகளை உண்டாக்கும் கலம் என்பது அதன் அமைப்பு. 2018இல் கோனோகோபிலிப்ஸ் எண்ணெய் நிறுவனம் அதை வடகடலின் நார்வே பகுதியிலுள்ள எக்கோஃபிஸ்க் வயலில் இறக்கிச் சோதித்தது. இடத்தேர்வு பொருள் பொதிந்தது. சுண்ணப் பாறையாலான எக்கோஃபிஸ்க்கில் 1971 முதல் எண்ணெய் எடுத்ததன் விளைவாகக் கடற்படுகையே தாழ்ந்துகொண்டிருப்பது 1984இல் தெரியவந்தது. 1987இல் மேடைகளை 6 மீட்டர் உயர்த்த வேண்டியதாயிற்று. அதே ஆண்டில்தான் பெரிய அளவில் கடல்நீர் செலுத்துவது தொடங்கியது. சல்ஃபேட்டை நீக்காத கடல்நீர் சுண்ணப் பாறைக்கு நன்மையே செய்யக்கூடும் என்பது இங்கே ஒரு சுவையான முரண். சல்ஃபேட், கால்சியம், மக்னீசியம் அயனிகள் பாறைப் பரப்பில் ஒட்டியிருக்கும் எண்ணெயை விடுவித்து, பாறையை நீர்விரும்பும் தன்மைக்கு மாற்றுவதை ஸ்டாவாங்கர் பல்கலைக்கழக ஆய்வுகள் ஆய்வகத்தில் காட்டியிருக்கின்றன. ஒரு வயலில் குழாயை அடைக்கும் அதே சேர்மம் இன்னொரு வயலில் எண்ணெயைக் கூட்டித் தருகிறது.

ஆக்சிஜனை என்ன செய்வது என்பதில் கடலடி வடிவமைப்பாளர்கள் எடுத்த முடிவு இன்னும் துணிச்சலானது: ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுவது. வெற்றிடக் கோபுரத்தைக் கடலடியில் நிறுவ வழியில்லை. 20 அல்லது 100 பார் அழுத்தச் சூழலில் வெற்றிடத்தை உண்டாக்கி, பிரிந்த வாயுவை மேலே அனுப்புவது அபத்தமான வேலை. பைசல்ஃபைட்டைக் கலக்கலாம், ஆனால் லிட்டருக்கு 8 மில்லிகிராம் ஆக்சிஜனை முழுவதும் அதனாலேயே மடக்க நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான கிலோ உப்பைக் கடலடிக்கு அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே சாதாரண எஃகுக் குழாய்களை விட்டுவிட்டு, அரிப்பைத் தாங்கும் சூப்பர் டூப்ளெக்ஸ் எஃகு, டைட்டானியம், கண்ணாடியிழை உட்பூச்சுள்ள குழாய் ஆகியவற்றைக் கிணற்றின் அடிவரை போடுகிறார்கள். ரசாயனச் செலவு உலோகச் செலவாக மாறுகிறது. புதிதாகத் தோண்டும் கிணற்றில் இது சரியான வணிகம். ஏற்கெனவே சாதாரண எஃகுக் குழாய் இறங்கிய பழைய கிணற்றில், குழாயை மாற்றும் செலவே திட்டத்தைக் கவிழ்த்துவிடும். குளோரினும் ஆக்சிஜனும் ஒன்றாக இருக்கும் நீர் ஆக்சிஜன் மட்டும் உள்ள நீரைவிட அரிப்பில் கொடியது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். கிருமிக்காகக் கூட்டும் குளோரின் உலோகத் தேர்வை இன்னும் இறுக்குகிறது. பாறைக்குள் போன பிறகு ஆக்சிஜன் நெடுந்தூரம் செல்வதில்லை. இரும்புள்ள கனிமங்களும் பாக்டீரியாக்களும் அதை விரைவில் தீர்த்துவிடுகின்றன.

சல்ஃபேட்டைத்தான் அப்படி விட்டுவிட முடியாது, பேரியம் நிறைந்த வயல்களில். இதற்கான நானோ வடிகட்டிச் சவ்வுகளை மாரத்தான் எண்ணெய் நிறுவனமும் டௌ நிறுவனத்தின் ஃபிலிம்டெக் பிரிவும் 1980களின் இறுதியில் உருவாக்கி, வடகடலின் பிரே வயலில் பயன்படுத்தின. சவ்வின் பரப்பில் எதிர்மின்னேற்றம் இருப்பதால் இரட்டை எதிர்மின்னேற்றமுள்ள சல்ஃபேட் அயனி தள்ளப்படுகிறது. சாதாரண உப்பில் பெரும்பகுதி ஊடுருவிப் போய்விடுகிறது. உப்பை முழுவதும் தடுக்க வேண்டியதில்லை என்பதால் கடல்நீரைக் குடிநீராக்கும் சவ்வைவிட மிகக் குறைந்த அழுத்தமே இதற்குப் போதும். உள்ளே வரும் நீரில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு சல்ஃபேட் நீங்கியதாக வெளிவரும். மீதி சல்ஃபேட் செறிந்த நீராகக் கடலுக்கே திரும்பும்.

முன்பு ஒத்திவைத்த விஷயம் இங்கேதான் பொருந்துகிறது. சவ்வுக்குத் தேவை அதன் இரு பக்கங்களுக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு. கடல்மட்டத்தில் சவ்வுக்குப் பின்னால் பம்பை வைத்து நீரை உறிஞ்ச முயன்றால் அதிகபட்சம் 1 பார்தான் கிடைக்கும். அதற்குமுன்பே நீர் ஆவிக்குமிழிகளாக உடைந்து பம்பைத் தின்னத் தொடங்கும். 1,000 மீட்டர் ஆழத்தில் சுற்றிலும் 100 பார் இருக்கிறது. சவ்வுக்குப் பின்னாலுள்ள உட்செலுத்து பம்பு தன் வாயில் அழுத்தத்தை 85 பாராக இறக்கிக்கொண்டால் 15 பார் வேறுபாடு கிடைத்துவிடும், பம்புக்கும் ஆபத்தில்லை. சவ்வுக்கென்று தனி உயரழுத்த பம்பு தேவையில்லை; செறிந்த நீரை வெளியே தள்ளவும் சவ்வின் மேல் ஓட்டத்தைப் பேணவும் ஒரு சிறிய சுழற்சி பம்பு போதும். அந்த 15 பாரை உட்செலுத்து பம்பு பிறகு ஈடுகட்டியாக வேண்டும் என்பதால் ஆற்றல் இலவசமில்லை. மிச்சமாவது ஒரு கருவி. கடலடியில் ஒரு கருவி குறைவது எவ்வளவு பெரிய லாபம் என்பதை அங்கே பழுதுபார்க்கக் கப்பல் அனுப்பியவர்கள் அறிவார்கள்.

டோட்டல், சைபெம், வியோலியா ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய ஸ்பிரிங்ஸ் என்ற அமைப்பு ஆழ்கடலில் சல்ஃபேட் நீக்குவதற்கானது. அதன் சோதனை அலகு 2010களின் நடுவில் காங்கோவின் கரைக்கு அப்பால் இறக்கப்பட்டது. அந்தச் சோதனையின் மையக் கேள்வி, மேற்பரப்பு நீரைவிட ஆழ்கடல் நீர் சவ்வுக்கு எவ்வளவு நல்லது என்பதுதான். சூரிய ஒளி ஏறக்குறைய 200 மீட்டருக்குக் கீழே பயன்படும் அளவில் எட்டாததால் பாசிகள் இல்லை. வெப்பநிலை ஆண்டு முழுவதும் ஏறக்குறைய மாறாமல் குளிர்ந்தே இருக்கிறது. புயலும் பாசிப் பெருக்கமும் மேல்நீரைக் கலக்குவதுபோல் ஆழ்நீரைக் கலக்குவதில்லை. படுகையிலிருந்து சில மீட்டர் உயர்த்தி நீரை எடுத்தால் வண்டலும் குறைவு. முன்வடிகட்டலைக் குறைத்துக்கொள்ள இவை இடம் தருகின்றன.

குறை, குளிரில் நீரின் பிசுக்குத்தன்மை கூடுவதால் சவ்வின் வழியே நீர் மெதுவாக ஊடுருவுகிறது. அதே அளவு நீருக்குக் கூடுதல் சவ்வுப் பரப்பு வேண்டும். ஆனால் சவ்வைத் திணறடிக்காமல் மெதுவாக ஓட்டினால் அழுக்கு சேர்வதும் குறையும் என்பதால், கடலடியில் பரப்பைத் தாராளமாகக் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

மெய்யான சிக்கல் குளோரினில் இருக்கிறது. சவ்வின் பாலியமைடு அடுக்கு குளோரினைத் தாங்காது. பட்டால் சிதைந்து சல்ஃபேட்டைக் கசியவிடும். மேடையில் முதலில் குளோரின் சேர்த்து, சவ்வுக்கு முன்னால் பைசல்ஃபைட்டால் அதை நீக்கிவிடுகிறார்கள். கடலடியில் குளோரின் இல்லாமல் ஓட்டினால் சவ்வின்மேல் உயிரிப்படலம் வளரும். குளோரினைப் போட்டால் அதை நீக்கும் ரசாயனத்தையும், அது நீங்கிவிட்டதா என்று பார்க்கும் உணரியையும் கூடவே இறக்க வேண்டும். மேடையில் சவ்வுகள் அழுக்கடைந்தால் வெதுவெதுப்பான காரத்தாலும் அமிலத்தாலும் கழுவி மறுநாள் ஓட்டத்துக்கு விடுவார்கள். கீழே அது முடியாது. சவ்வுத் தொகுதியை அப்படியே கப்பல் கொண்டு தூக்கி, வேறொன்றை வைக்க வேண்டும். நீர்மூழ்கி ரோபோவும் பாரந்தூக்கியும் உள்ள கப்பலின் ஒருநாள் வாடகையும், நல்ல வானிலைக்காகக் காத்திருக்கும் நாட்களும் சேர்ந்துதான் சவ்வின் ஆயுளுக்கு விலை வைக்கின்றன. இரண்டாண்டுக்கு ஒருமுறை தூக்கினால் கட்டுப்படியாகும் திட்டம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தூக்க வேண்டிவந்தால் படுத்துவிடும்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால், நாளொன்றுக்குப் பல லட்சம் பீப்பாய் நீர் செலுத்தும் புதிய பெரிய வயலுக்கு, தளத்திலேயே சல்ஃபேட் நீக்கும் ஆலையோடு கட்டப்படும், எண்ணெய் உற்பத்திக்கான மிதவைக் கப்பலை இந்த முறை விரைவில் இடம்பெயர்க்கும் என்று நான் நினைக்கவில்லை. அங்கே ஆட்கள் இருக்கிறார்கள், இடத்தை முதலிலேயே ஒதுக்கிக் கட்டுகிறார்கள். கடலடிச் சுத்திகரிப்புக்கு வலுவான இடம், மேடையில் எடைக்கு இடமில்லாத முதிய வயல்களும், முதன்மை வயலிலிருந்து தள்ளி நிற்கும் ஒன்றிரண்டு கிணறுகளுக்கு மட்டும் அழுத்தம் தேவைப்படும் சிறு தேக்கங்களும்தான். அவற்றில் பல இன்று நீர் செலுத்தாமலேயே, எடுக்கக்கூடிய எண்ணெயில் கணிசமான பங்கை விட்டுவிட்டு மூடப்படுபவை. ஒப்பிட வேண்டியது மேடை ஆலையோடு அல்ல, நீரே செலுத்தாத நிலையோடு.

எஞ்சுவது அளவீடு. மேடையில் ஒருவர் குழாயைத் திறந்து புட்டியில் நீர் பிடித்து, ஆய்வகத்தில் சல்ஃபேட்டும் பாக்டீரியாவும் பார்த்துவிட முடிகிறது. கடலடியில் எல்லாம் உணரிகளின் வாக்குமூலம். குளோரினை அளக்கும் உணரியே உயிரிப்படலம் மூடிப் பொய்யான எண்ணைக் காட்டலாம். ரோபோ கொண்டு மாதிரி எடுப்பது ஆண்டுக்குச் சில முறைதான் சாத்தியம், மேலே வருவதற்குள் அந்த மாதிரியின் வெப்பமும் அழுத்தமும் மாறிவிடும். அதைவிடப் பெரிய தாமதம் பாறைக்குள் இருக்கிறது. இன்று செலுத்தும் நீர் உற்பத்திக் கிணற்றை அடைய மாதங்கள் ஆகலாம், பல இடங்களில் ஆண்டுகள் ஆகும். ஹைட்ரஜன் சல்ஃபைடு தலைகாட்டுவது அதற்கும் பின்னால். ஓராண்டுச் சோதனையில் பம்பும் மின்பகுப்புக் கலமும் ஓடுகின்றனவா என்று தெரிந்துகொள்ளலாம். செலுத்திய நீர் பாறைக்கு ஒத்துப்போனதா என்பதற்கான விடை, அண்டை உற்பத்திக் கிணறுகளின் வாயுவில் சல்ஃபைடையும் நீரில் பேரியத்தையும் தொடர்ந்து பதிவுசெய்துவரும் அட்டவணையில், பல ஆண்டுகள் கழித்தே வரும்.